கொழுப்பை உறிஞ்சும் அறுவை: அன்றிரவு யார் விழித்திருப்பார்கள்?

2022 மே மாதம் பெங்களூரில் 21 வயதுக் கன்னடத் தொலைக்காட்சி நடிகை ஒருவர், உடல் கொழுப்பை நீக்கிக்கொள்ளத் தனியார் அழகியல் கிளினிக் ஒன்றில் சேர்ந்தார். அறுவைக்குப் பின் உடல்நிலை மோசமாகி வேறொரு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உயிர் பிழைக்கவில்லை. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது என்று குடும்பத்தினர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. கொழுப்பை எடுக்கப் போன ஒருவரின் நுரையீரலுக்குள் நீர் எப்படி வரும் என்று அப்போது பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி அது. அதற்கு விடை தெரிந்தால், இந்த அறுவையில் ஆபத்து எங்கே இருக்கிறது, யாரிடம் போகலாம், எங்கே போகக்கூடாது என்ற மற்றக் கேள்விகளுக்கும் பெரும்பாலும் வழி பிறந்துவிடும்.

எந்தக் கொழுப்பு வெளியே வருகிறது?

நம் உடலில் கொழுப்பு இரண்டு இடங்களில் சேர்கிறது. ஒன்று, தோலுக்கு அடியில். விரலால் கிள்ளினால் பிடிபடுவது இதுதான். மற்றொன்று, வயிற்றுத் தசைச் சுவருக்கு உள்ளே, குடலையும் கல்லீரலையும் சுற்றிப் படிவது. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் அதிகம் காரணமாவது உள்ளே இருக்கும் கொழுப்பு. லைபோசக்‌ஷன் எனப்படும் இந்த அறுவை எடுப்பது தோலடிக் கொழுப்பை மட்டுமே.

நம் ஊர் ஆண்களுக்கு நாற்பது வயதுக்கு மேல் வரும் இறுகிய தொப்பையில் பெரும்பங்கு உட்கொழுப்பு. கொழுப்பை உறிஞ்சும் குழாயைத் தசைச் சுவருக்கு வெளியேதான் நகர்த்த முடியும். உள்ளே போனால் அது விபத்து. ஆகவே அத்தகைய தொப்பைக்கு இந்த அறுவையால் பயன் மிகக் குறைவு.

'கொழுப்பு குறைந்தால் சர்க்கரையும் குறையுமே' என்று நினைப்பவர்கள் உண்டு. 2004இல் அமெரிக்காவில் உடல்பருமன் உள்ள 15 பெண்களிடம் இதைச் சோதித்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் சுமார் 10 கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்துவிட்டு, 10 முதல் 12 வாரங்கள் கழித்துப் பார்த்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதத்திலோ, இரத்த அழுத்தத்திலோ, இரத்தக் கொழுப்பிலோ முன்னேற்றம் எதுவும் இல்லை. இது உடலின் வடிவத்தைத் திருத்தும் அறுவை. உணவாலும் உடற்பயிற்சியாலும் எடை நிலைப்பட்ட பிறகும் இடுப்பிலோ தொடையிலோ பிடிவாதமாக நிற்கும் கொழுப்புக்கு ஏற்றது. எடை குறைப்புத் திட்டம் என்று இதை யாராவது விற்றால், முதல் வாக்கியத்திலேயே தவறான தகவலைத் தருகிறார் என்று கொள்ளலாம்.

எப்படி எடுக்கிறார்கள்?

1970களில் ரோமில் ஃபிஷர் என்ற தந்தையும் மகனுமான மருத்துவர்களும், அடுத்துப் பாரிசில் இவ்-ஜெரார் இல்லூஸும் குழாய் வழியே கொழுப்பை உறிஞ்சும் முறையை உருவாக்கினார்கள். தொடக்க காலத்தில் இரத்த இழப்பு கடுமையாக இருந்தது. திரவம் செலுத்தாமல் உறிஞ்சினால், வெளியே வருவதில் 20 முதல் 45 விழுக்காடு வரை இரத்தம்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெஃப்ரி கிளைன் 1980களின் நடுவில் இதை மாற்றினார். கொழுப்பை எடுக்கும் முன், அந்த இடத்தில் நிறையத் திரவத்தைச் செலுத்தித் தோலைப் புடைக்கவைப்பது அவருடைய முறை. ஒரு லிட்டர் உப்புநீரில் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின், கொஞ்சம் சோடியம் பைகார்பனேட். இந்தக் கலவையால் இரத்த இழப்பு சுமார் ஒரு விழுக்காடு என்ற அளவுக்கு இறங்கியது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் இம்முறையோ இதன் வகைகளோதான். விளம்பரங்களில் வரும் லேசர், அல்ட்ராசவுண்ட், '4டி' எல்லாம் கொழுப்பைத் தளர்த்துவதிலோ செதுக்குவதிலோ வேறுபடுகின்றன. திரவமும் குழாயும் எல்லாவற்றுக்கும் பொது. லேசரிலும் அல்ட்ராசவுண்டிலும் கூடுதலாகத் தோல் வெந்துபோகும் வாய்ப்பும் உண்டு.

நுரையீரல் நீருக்கான விடை இந்தத் திரவத்தில்தான் இருக்கிறது. உள்ளே செலுத்தியதில் ஏறத்தாழ 20 முதல் 30 விழுக்காடு மட்டுமே கொழுப்போடு வெளியே வருகிறது. மீதி உடலிலேயே தங்கி, அடுத்த சில மணி நேரங்களில் மெல்ல இரத்தத்தில் கலக்கிறது. 5 லிட்டர் செலுத்தினால் 3 லிட்டருக்கும் மேல் இரத்த ஓட்டத்துக்கு வந்து சேரும். 60 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் உடலில் ஓடும் மொத்த இரத்தமே சுமார் 4 லிட்டர். இது தெரியாமல், வழக்கமான அறுவைகளைப் போல ஊசி வழியாகவும் குளுக்கோஸ் பாட்டில், சலைன் பாட்டில் என்று ஏற்றிக்கொண்டே போனால், இதயத்தால் அந்தச் சுமையைத் தள்ள முடியாது. திரவம் நுரையீரலில் கசியும். எவ்வளவு செலுத்தினோம், எவ்வளவு எடுத்தோம், சிறுநீர் எவ்வளவு போயிற்று என்று மணிக்கு மணி எழுதி வைக்க ஒருவர் இருந்தால் தவிர்க்கக்கூடிய விபத்து இது.

ஒரு மருந்தின் கணக்கு

லிக்னோகெய்ன் நமக்குப் பழக்கமான மருந்து. பல் பிடுங்கும்போது ஈறில் போடும் ஊசி அதுதான். சாதாரணச் சிறு அறுவையில் அட்ரினலினுடன் சேர்த்துக் கொடுக்கும்போது கிலோவுக்கு 7 மில்லிகிராம் உச்ச அளவு. கிளைன் முறையில் மருந்து மிகவும் நீர்த்திருப்பதாலும், இரத்தக் குழாய்கள் சுருங்கி மெதுவாக உறிஞ்சுவதாலும், கிலோவுக்கு 35 மில்லிகிராம் வரை பாதுகாப்பானது என்று அவர் 1990இல் எழுதினார். பிறகு சிலர் 55 வரை ஏற்றினார்கள். கவனமான மருத்துவர்கள் 35ஐத் தாண்டத் தயங்குவார்கள்.

ஒரு தாளில் போட்டுப் பார்க்கலாம். பெண்ணின் எடை 60 கிலோ; 60 × 35 = 2,100 மில்லிகிராம். இரண்டு விழுக்காடு லிக்னோகெய்ன் 30 மில்லி குப்பி ஒன்றில் இருப்பது 600 மில்லிகிராம். மூன்று குப்பிகள் என்றால் 1,800, வரம்புக்குள். நான்காவதை முழுதாகக் கலந்தால் 2,400, வரம்பு தாண்டிவிட்டது. வயிறும் இடுப்பும் மட்டும் என்று தொடங்கி, 'தொடையையும் சேர்த்து முடித்துவிடலாம்' என்று மேசையில் முடிவெடுக்கும்போது நான்காவது குப்பி திறக்கப்படுகிறது. மருந்தை உடலிலிருந்து அகற்றுவது கல்லீரல். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளும் மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளும் அந்த வேலையைத் தாமதப்படுத்தும். அதனால்தான் உட்கொள்ளும் மாத்திரை ஒவ்வொன்றையும், போன வாரம் தொண்டை வலிக்குச் சாப்பிட்டது உட்பட, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இன்னொரு செய்தி இதைவிட முக்கியம். இரத்தத்தில் இந்த மருந்தின் அளவு உச்சத்தைத் தொடுவது அறுவை மேசையில் இல்லை. திரவம் செலுத்தி ஏறத்தாழ 8 முதல் 14 மணி நேரம் கழித்து. காலை 10 மணிக்கு அறுவை என்றால் மாலை 6 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையில். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து காலையில் பெங்களூர் வந்து, அறுவை முடித்து, மாலையே பஸ்ஸிலோ காரிலோ திரும்பிவிடலாம் என்று சொல்லி அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. உச்சம் வரும் நேரத்தில் அந்த நோயாளி நெடுஞ்சாலையில் இருப்பார். இதை நினைக்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

உயிர் போவது எதனால்?

அமெரிக்க அழகியல் அறுவை மருத்துவர்களிடம் 1994–98 காலத்துக்கு எடுத்த கணக்கெடுப்பு ஒன்று 2000இல் வெளிவந்தது. 4,96,245 அறுவைகளில் 95 இறப்புகள். சுமார் 5,200 பேருக்கு ஒருவர். இறப்புகள் பல, நோயாளி வீடு திரும்பிய முதல் இரவில் நிகழ்ந்தன என்று அதை எழுதியவர்கள் எச்சரித்தார்கள். 2001இல் வந்த மற்றொரு கணக்கெடுப்பில் விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது: லைபோசக்‌ஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் 47,415 பேருக்கு ஒருவர். ஆனால் வயிற்றின் தொங்கும் தோலை வெட்டித் தைக்கும் அறுவையோடு சேர்த்துச் செய்துகொண்டவர்களில் 3,281 பேருக்கு ஒருவர். 'இரண்டையும் ஒரே மயக்கத்தில் முடித்தால் செலவு மிச்சம்' என்ற பேச்சை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் சொன்ன கணக்கெடுப்பின்படி காரணங்கள்:

1. நுரையீரல் இரத்தக் கட்டி. சுமார் 23 விழுக்காடு இறப்புகளுக்குக் காரணம் இதுவே. நீண்ட நேரம் அசையாமல் கிடந்ததால் காலில் உறையும் இரத்தம் பிரிந்து நுரையீரலை அடைக்கிறது. கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புகைப்பவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இப்படி இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாள் கணக்கில், வாரக் கணக்கில் கழித்தும் இது வரலாம்.

2. குடலிலோ வேறு உறுப்பிலோ ஓட்டை. சுமார் 15 விழுக்காடு. குழாயின் முனை கண்ணுக்குத் தெரியாது. மருத்துவரின் ஒரு கை குழாயை நகர்த்த, மற்றொரு கை தோலின் மேல் படிந்து முனை எங்கே போகிறது என்று உணர்ந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் விட்ட குடலிறக்கமோ, பழைய அறுவைத் தழும்போ உள்ள வயிற்றில் முனை வழி தவறலாம். சிசேரியன் செய்துகொண்டவர்கள், தொப்புள் அருகே புடைப்பு உள்ளவர்கள் முன்கூட்டியே ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது பற்றிக் கேட்க வேண்டும்.

3. மயக்க மருந்தும் பிற மருந்துகளும். சுமார் 10 விழுக்காடு.

4. கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் கலந்து நுரையீரலையும் மூளையையும் தாக்குவது, சுமார் 8.5 விழுக்காடு. முதல் மூன்று நாட்களுக்குள் மூச்சுத் திணறல், குழப்பமான பேச்சு, மார்பிலும் அக்குளிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் என்று வெளிப்படும்.

5. கடுமையான தொற்று, இரத்தப்போக்கு ஆகியவை அடுத்து வருகின்றன.

உயிருக்கு ஆபத்தில்லாத பின்விளைவுகள் இவற்றைவிட மிகப் பரவலானவை: மேடு பள்ளமான தோல், நீர்க்கட்டு, மாதக்கணக்கில் நீடிக்கும் மரத்த உணர்வு, தளர்ந்து தொங்கும் சதை. வீக்கம் முழுமையாக வடிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும்.

எடுத்த கொழுப்பைப் பிட்டத்தில் செலுத்துவது தனி அறுவை. ஊசி தசைக்குள் போனால் கொழுப்பு பெரிய இரத்தக் குழாய்களில் நுழைந்துவிடும். 3,000 பேரில் ஒருவர் வரை இறந்திருக்கலாம் என்று 2017இல் வந்த மதிப்பீடு, அழகியல் அறுவைகளிலேயே இதைத்தான் ஆபத்தானதாகக் காட்டியது.

பெயர்ப்பலகையில் உள்ள எழுத்துகள்

இந்திராநகர் நூறடிச் சாலையிலோ ஜெயநகரிலோ நடந்தால் அழகியல் கிளினிக் பலகைகளுக்குக் குறைவில்லை. மருத்துவரின் பெயருக்குப் பின் எம்.பி.பி.எஸ்.; அதற்குப் பின் பழக்கமில்லாத நான்கைந்து எழுத்துகள்; ஓர் அயல்நாட்டின் பெயர். படிப்பவருக்கு அந்த அயல்நாட்டின் பெயர்தான் மனத்தில் தங்கும். பார்க்க வேண்டியதோ வேறு.

இந்தியாவில் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் ஆவதற்கான வழக்கமான பாதை: எம்.பி.பி.எஸ். படிப்பும் பயிற்சியும் ஐந்தரை ஆண்டு. பொது அறுவை மருத்துவத்தில் எம்.எஸ். மூன்று ஆண்டு, பிளாஸ்டிக் அறுவையில் எம்.சிஎச். மூன்று ஆண்டு. மொத்தம் பதினொன்றரை ஆண்டு. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டமும் இதற்கு இணை. தோல் மருத்துவத்தில் எம்.டி. முடித்து, இந்த அறுவையில் முறையான பயிற்சி பெற்றவர்கள், மரத்துப்போகும் ஊசியை மட்டும் வைத்துச் சிறிய அளவில் செய்கிறார்கள். கிளைனே தோல் மருத்துவர்தான். ஆனால் தேசிய மருத்துவ ஆணையம் ஏற்கும் முதுநிலைப் பட்டங்களில் 'காஸ்மெட்டாலஜி' என்று ஒன்று கிடையாது. சில வாரங்களிலோ மாதங்களிலோ முடியும் சான்றிதழ்கள் வேறு, பட்டம் வேறு.

முடி நடும் சிகிச்சை பற்றி 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் ஆணையம் இதைத் தெளிவாகச் சொன்னது: பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்தது, அழகியல் சிகிச்சையைத் தொடங்கப் போதுமான பயிற்சி ஆகாது. ஒரு துறையில் உரிய தகுதி இல்லாதவர் அத்துறையின் நிபுணர் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளிலேயே இருக்கிறது.

சரிபார்ப்பது கடினமில்லை. மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, ஆணையத்தின் இணையதளத்தில் உள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டிலும் கர்நாடக மருத்துவக் கவுன்சிலிலும் தேடலாம். கூடுதல் பட்டமும் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். இந்தியப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தில் உறுப்பினரா என்பதும் துணைச் சான்று.

மருத்துவரைப் போலவே இடமும்

தகுதியான மருத்துவர், தகுதியில்லாத இடத்தில் அறுவை செய்தால் முந்தைய பகுதி முழுவதும் வீண். கர்நாடகத்தில் 2007ஆம் ஆண்டின் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி, ஒவ்வொரு கிளினிக்கும் பதிவு செய்துகொள்ள வேண்டும்; சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்ட வேண்டும். அதில் அந்த இடம் கிளினிக்கா, பகல்நேரச் சிகிச்சை மையமா, மருத்துவமனையா என்ற வகை இருக்கும். வரவேற்பறையில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் எழுந்து போய் அதைப் படிக்கலாம்.

வெளியே வரும் திரவமும் கொழுப்பும் சேர்த்து 5 லிட்டரைத் தாண்டினால் அது பெரிய அளவு அறுவை. இரவு முழுவதும் கண்காணிக்கும் வசதியுள்ள மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோதான் அதைச் செய்ய வேண்டும் என்பது அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. 5 லிட்டர் எடுத்தாலும் எடை 4 கிலோவுக்கு மேல் குறையாது. 'ஒரே நாளில் 10 கிலோ' என்ற விளம்பரத்தின் பொருள் இப்போது விளங்கும்.

கையெழுத்திடும் முன் கேட்க வேண்டியவை

பெங்களூரின் பல அழகியல் மையங்களில் முதலில் நம்மோடு பேசுபவர் மருத்துவர் இல்லை; 'கவுன்சலர்'. இன்றே முன்பணம் கட்டினால் இவ்வளவு தள்ளுபடி என்பார். பின்வரும் கேள்விகளை அவரிடம் கேட்டுப் பயனில்லை. கத்தியைப் பிடிக்கப்போகிறவரிடம் கேட்க வேண்டும்.

1. அறுவையை நீங்களே செய்வீர்களா, வேறு யாராவது செய்வார்களா? அவர் பெயரும் பதிவு எண்ணும் என்ன?
2. மயக்க மருந்து நிபுணர் யார்? முடியும் வரை உடன் இருப்பாரா? அறுவை செய்பவரே மயக்கமும் கொடுப்பதாக இருந்தால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.
3. எவ்வளவு திரவம் செலுத்துவீர்கள், எவ்வளவு எடுப்பீர்கள், என் எடைக்கு லிக்னோகெய்ன் வரம்பு எத்தனை மில்லிகிராம்? கணக்குப் போட்டுக் காட்டுவதை நல்ல மருத்துவர் மகிழ்ச்சியோடு செய்வார்.
4. இருபது விழுக்காடு கொழுப்புக் குழம்பு மருந்து இங்கே இருக்கிறதா? லிக்னோகெய்ன் நஞ்சானால் இரத்தக் குழாய் வழியே ஏற்றும் மாற்று மருந்து அது.
5. இரவு இங்கே எந்த மருத்துவர் இருப்பார்? தொலைபேசியில் கிடைப்பார் என்பது பதில் ஆகாது.
6. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ளேயே இருக்கிறதா? இல்லையென்றால் எந்த மருத்துவமனையோடு ஏற்பாடு, மாலை நெரிசலில் எத்தனை நிமிடம்? சில்க் போர்டு சந்திப்பைக் கடக்க ஆகும் நேரம் பெங்களூர்வாசிகளுக்குத் தெரியும்.

ஒப்புதல் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சில இடங்களில் கன்னடத்தில். அல்சூரிலும் சிவாஜி நகரிலும் தலைமுறைகளாக வாழும் நம்மவர்களில் கன்னடம் சரளமாகப் பேசினாலும் எழுத்து வாசிக்காதவர்கள் பலர். புரியும் மொழியில் விளக்கச் சொல்வதில் கூச்சம் வேண்டாம். அறுவையின் தன்மை, நோக்கம், மாற்று வழிகள், கணிசமான ஆபத்துகள் ஆகியவற்றைச் சொல்லிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்கு மட்டும் ஒப்புதல் தந்திருந்த பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போது தாயிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையை அகற்றிய வழக்கு அது. நோயாளி சுயநினைவு திரும்பித் தாமே முடிவெடுக்க முடியும்போது தாயின் ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். வயிற்றுக்கு ஒப்புக்கொண்டவருக்கு மேசையில் தொடையையும் சேர்ப்பது எவ்வளவு பெரிய மீறல் என்பதற்கு இதுவே அளவுகோல்.

செலவு பற்றி ஒன்று. மருத்துவக் காப்பீடு அழகுக்கான அறுவையை ஏற்பதில்லை. விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பின் செய்யும் சீரமைப்புக்கே விதிவிலக்கு. மற்றச் சிகிச்சைகளுக்கு இல்லாத 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும் உண்டு. சிக்கல் ஏற்பட்டுத் தீவிர சிகிச்சைக்குப் போனால் அந்தக் கட்டணத்தையும் கையிலிருந்தே கட்ட நேரலாம்.

வீட்டுக்கு வரும்போது கையில் இருக்க வேண்டியது

உதட்டைச் சுற்றி மரத்துப்போதல், வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், அளவுக்கு மீறிய தூக்கம் ஆகியவை லிக்னோகெய்ன் மிகுந்துவிட்டதன் அறிகுறிகள். அடுத்து வலிப்பு வரலாம். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, நேரம் ஆக ஆகக் கூடும் வயிற்று வலி, காய்ச்சலோடு தோல் கறுத்தல் என எது வந்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. கர்நாடகத்திலும் தமிழகத்திலும் 108 ஆம்புலன்ஸ் உண்டு.

அப்படி நள்ளிரவில் போய் நிற்கும் அவசரப் பிரிவில், அந்த நோயாளியை முன்பின் பார்த்திராத ஒரு மருத்துவர் இருப்பார். அவருக்கு உதவக்கூடியது ஒரு சீட்டு: அறுவை நடந்த நேரம், செலுத்திய திரவம் எத்தனை லிட்டர், எடுத்தது எத்தனை லிட்டர், லிக்னோகெய்ன் எத்தனை மில்லிகிராம், மயக்கத்துக்குக் கொடுத்த மருந்துகள், மருத்துவரின் கைபேசி எண். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002 விதிகளில் உள்ள கடமை. ஆனால் இந்தச் சீட்டுக்கு 72 மணி நேரம் காத்திருக்க முடியாது. கிளினிக்கை விட்டு இறங்கும் முன்பே எழுதி வாங்கி, உடன் இருப்பவரின் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.